பதினோராம் கட்டில் அட்டெண்டர்

மனநலப் பயிற்சிக்கு ஒரு மாதம் சென்னைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தபோது வார்டில் யாருக்கும் போக விருப்பமில்லை. "உனக்குப் பொண்ணு ஹாஸ்டல்ல, வீட்டுக்காரரு வேலைக்கு வெளியூர்ல. நீ போய்ட்டு வாம்மா" என்று இன்சார்ஜ் சிஸ்டர் என் பெயரை எழுதிவிட்டார். போய் வந்தேன். அன்றிலிருந்து எங்கள் ஆண்கள் மெடிக்கல் வார்டில் அழுகிறவர்கள், சாப்பிட மறுக்கிறவர்கள், நாள் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பவர்கள் எல்லாரும் என் தலையில் வந்து விழுந்தார்கள். ஊசி போடுவது, பிபி பார்ப்பது, சலைன் மாற்றுவது எதுவும் குறையவில்லை. அதற்கு மேல் இது.

கேள்விகள் அச்சடித்த ஒரு தாள் உண்டு. தூக்கம் எப்படி, பசி எப்படி, பிடித்த காரியத்தில் மனசு போகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா. கடைசியில், உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா. அந்தக் கடைசிக் கேள்வியைச் சுற்றிவளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டதாகும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பலர் காத்திருக்கிறார்கள் என்றார்கள். அது உண்மை என்று முதல் மாதத்திலேயே பார்த்துவிட்டேன். ஆனால் எந்தக் கேள்வியும் கேட்கக் கேட்கத் தேய்ந்துபோகும். இரண்டு வருஷத்தில், "இன்னிக்கு மோஷன் போச்சா" என்று கேட்கிற அதே குரலில் இதையும் கேட்க ஆரம்பித்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பதினோராம் கட்டிலுக்கு அவர் வந்தார்.

பட்டுக் கடை சேல்ஸ்மேன். ஐம்பது தாண்டியவர். வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரே வீச்சில் புடவையை விரித்துக் காட்டுகிற வேலை. ஒரு கல்யாண வீட்டாருக்கு விரித்துக்கொண்டிருந்தபோதே வலது கை விழுந்துவிட்டது. விரித்த புடவை மேலேயே சாய்ந்தாராம். வலது பக்கம் முழுக்க வாதம், பேச்சு இல்லை, மூக்கில் குழாய்.

பேச்சு சுத்தமாகப் போய்விடவில்லை என்று நாலாம் நாள் தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை மிச்சமிருந்தது: "பாருங்க." வாதத்தில் மூளை பாதித்த சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும். கடையில் முப்பது வருஷம் சொல்லிப் பழகிய சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் "பாருங்க", கால் வலித்தாலும் "பாருங்க". "இவரு இன்னும் கடையிலதான் கீறாரு" என்று வார்டு பெருக்கும் அக்கா சொல்வாள். நாங்களும் சிரிப்போம்.

அவருக்குத் துணையாக, ஆஸ்பத்திரி பாஷையில் அட்டெண்டராக, மனைவி வந்திருந்தாள். திருப்புட்குழியில் வீடு. ஏறக்குறைய என் வயது. ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிற வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். பிள்ளைகள் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பாய் விரித்து அங்கேயே குடியிருந்தாள். ஒரு வாரத்துக்குள் வேலை முழுவதையும் கற்றுக்கொண்டாள். கஞ்சியை வடிகட்டிக் குழாயில் ஊற்றுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவது. மூன்று வாரம் படுத்தபடுக்கையாகக் கிடந்த மனிதருக்கு முதுகில் ஒரு புண் வரவில்லை. அது எவ்வளவு பெரிய வேலை என்பது நர்ஸுகளுக்குத் தெரியும். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் நர்சிங் மாணவிகளை நிறுத்தி, "இந்தம்மாகிட்ட கத்துக்கோங்க" என்றார். அவள் சிரித்தாள். எப்போது பார்த்தாலும் சிரித்த முகம்தான். "சாப்ட்டியாமா?" என்றால் "ஆச்சு சிஸ்டர்." "கொஞ்ச நேரம் படேன்?" என்றால் "எனக்கு இன்னா சிஸ்டர், நல்லாத்தான் கீறேன்."

பக்கத்து கட்டில்காரருக்கு பெட்பேன் வைத்துவிடுவாள், சலைன் தீர்ந்தால் ஓடிவந்து சொல்வாள். முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர் நாங்கள். அவள் இருந்தால் பதினொன்று, பன்னிரண்டு இரண்டையும் மறந்துவிடலாம். அவளை நல்லவள் நல்லவள் என்று நான் கொண்டாடியதில் பாதி, எனக்கு வேலை மிச்சமானதற்காக.

பத்தாம் நாள் அவர் விடாமல் அழுகிறார் என்று தாளை எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம் என்றால் ஒரு தடவை அழுத்த வேண்டும், இல்லை என்றால் இரண்டு தடவை. நன்றாகப் புரிந்துகொண்டு பதில் சொன்னார். தூக்கம் இல்லை. அழுகை வருகிறது. பயம் இருக்கிறது.

"ஐயா, எல்லாம் முடிஞ்சு போயிடணும், செத்துடணும்னு தோணுதா?"

கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டார். கட்டிலின் கால்மாட்டில் துணி பிழிந்துகொண்டிருந்த மனைவியை நோக்கி அந்தக் கையை நீட்டினார்.

"பாருங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்தாள்.

"என்னைக் கேக்கச் சொல்றாரு சிஸ்டர். அவருக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று வந்து அவர் வாயைத் துடைத்துவிட்டாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு இடது கையால் கட்டிலை அறைந்தார். "பாருங்க, பாருங்க" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

நான் எழுதினேன்: மனச்சோர்வு உள்ளது. அழுகை கட்டுப்பாட்டில் இல்லை. மனைவியை மிகவும் சார்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்த மனநல டாக்டர் அதைப் படித்துவிட்டு ஒரு மாத்திரை எழுதினார். அடுத்த வாரம் இன்னொரு தடவை கேட்டபோதும் அவர் அதையேதான் செய்தார். மூன்றாவது தடவை கடைசிக் கேள்வியை விட்டுவிட்டேன். எதற்கு அவரைக் கிளப்பிவிட வேண்டும், பிபி ஏறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கும் கால் வலி.

அவர் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஊரில் உற்சவ நாட்கள். பஸ்ஸெல்லாம் சுற்றிக்கொண்டு போயின. அன்று எனக்குக் காலை டியூட்டி. இரண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் சிஸ்டரிடம் எல்லாம் ஒப்படைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போனேன். மறுபக்கத்தில் அவள் குரல் கேட்டது. பன்னிரண்டாம் கட்டில் பெரியவரின் மருமகளான சின்னப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நல்லா கேட்டுக்கோ. கஞ்சி ஊத்தறதுக்கு முன்னாடி தல பக்கம் தூக்கி வெச்சிடணும். ஊத்திட்டு அரை மணி நேரம் படுக்க வெக்கக் கூடாது. இடது பக்கம் திருப்பினா கோச்சுக்குவாரு, கண்டுக்காத. பவுடரு நீலப் பையில கீது. நகம் வெட்டறப்ப அந்தக் கைய உன் மடியில வெச்சுக்கோ, விரலு மடங்கிக்கினே இருக்கும்."

"இதெல்லாம் என்னாண்ட எதுக்குக்கா சொல்ற? நீதான கீற?"

"சும்மா, தெரிஞ்சிக்கோ."

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே வந்துவிட்டேன். ஐயம்பேட்டை போகிற ஷேர் ஆட்டோ நின்றது. ஏறி உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு பேர் வரட்டும் என்று டிரைவர் கூவிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பேர் உடனே வந்திருந்தால் நான் போயிருப்பேன். வராத அந்த ஐந்து நிமிஷத்தில்தான் அது உறைத்தது. நான் பத்து நிமிஷம் முன்பு வார்டில் செய்ததைத்தான் அவளும் குழாயடியில் செய்துகொண்டிருந்தாள். டியூட்டி முடிந்து போகிறவர் வருகிறவரிடம் சொல்வது மாதிரியே, ஒன்று விடாமல்.

இறங்க மனசே இல்லை. பசி. ஒருவேளை வீட்டுக்கு ஒரு நாள் போய்வரத்தான் சொல்லிவைக்கிறாளோ என்று நினைத்துப் பார்த்தேன். போன் பண்ணி மதிய சிஸ்டரிடம் சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன். என்னவென்று சொல்வது? "ஏம்மா, ஏறிட்டு எறங்கறியே" என்றார் டிரைவர். வார்டுக்குத் திரும்பி நடந்தேன்.

பெட்ஷீட் அடுக்கிவைக்கும் அறைக்கு அவளைக் கூட்டிப்போனேன். வேறு தனி இடம் இல்லை.

"உக்காருமா."

"அவருக்குத் தண்ணி ஊத்தற நேரம் சிஸ்டர்."

"அந்தப் பொண்ணு ஊத்துவா. நீதான சொல்லிக் குடுத்த."

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது.

"தூங்கறியா?"

"தூங்கறேன் சிஸ்டர்."

"நேத்து எத்தினி மணி நேரம்?"

கதவைப் பார்த்தாள். என் கையில் தாள் இல்லை. கேஸ் ஷீட் இல்லை. நூற்றுக்கணக்கான தடவை கேட்ட கேள்விதான், அன்றுதான் முதல் தடவையாகக் கேட்பது போலிருந்தது.

"உயிரோட இருக்க வேணாம்னு தோணுதாமா உனக்கு?"

கலைந்து கிடந்த ஒரு பெட்ஷீட்டை எடுத்து மடித்தாள். இன்னொன்றை எடுத்து மடித்தாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அவரு சொல்லிட்டாரா?"

"யாரு?"

"அவருதான் சிஸ்டர். அவராண்ட மட்டும்தான் சொன்னேன்."

கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றேன்.

மெதுவாகத்தான் சொன்னாள். "வந்த மூணாம் நாளு டாக்டரு, இன்னிக்குத் தாண்டிட்டா பொழச்சிக்குவாருன்னு சொன்னாரு. நான் வராண்டாவுல நின்னுக்கினு, தாண்டாம போயிட்டா நல்லா இருக்கும்னு நெனச்சேன். அவரு கஷ்டப்படக் கூடாதுன்னு நெனைக்கல சிஸ்டர். எனக்காகத்தான் நெனச்சேன். என்னால முடியாதுன்னு. அவரு தாண்டிட்டாரு. அப்பறம் எந்த மூஞ்ச வெச்சிக்கினு அவருக்கு ஊத்தறது? ஊத்தினேன். நீங்கல்லாம் நல்லவ நல்லவன்னு சொல்லச் சொல்ல உள்ள எரியும்."

"அவர்கிட்ட எப்போ சொன்ன?"

"டெய்லி சொல்லுவேன். வாய் தொடைக்கறப்ப, காதாண்ட. அவருக்கு எதுவும் வெளங்காதுன்னு நெனச்சேன். வெளங்கினாலும் யாராண்ட சொல்லப் போறாரு? உன்ன இப்படி நெனச்சவ உன் பக்கத்துல இருக்கக் கூடாதுய்யா, நான் போறேன்னு சொல்லுவேன்."

எப்போது என்று கேட்டேன். "நாளைக்கு" என்றாள். எங்கே, எப்படி என்பதையும் சொன்னாள். அதை நான் இங்கே எழுதவில்லை.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. சொந்தக் கதையைப் பேசக் கூடாது என்பார்கள். பேசினேன். "எங்கப்பா ஆறு மாசம் படுத்துக்கினு இருந்தாரு. நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்து அவருக்குத் துணி மாத்துவேன். ஒரு நாளு, இன்னும் ஏன் இருக்கன்னு மனசுக்குள்ள கேட்டேன். வெளிய யாராண்டயும் சொன்னதில்ல. உன்னாண்டதான் சொல்றேன்." அவள் மடித்த பெட்ஷீட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவளை நர்ஸ் மேசைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்து, மதிய சிஸ்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பதினோராம் கட்டிலுக்குப் போனேன். குனிந்து அவர் காதில், "புரிஞ்சிடுச்சு ஐயா. அவங்களத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் லேட்டா புரிஞ்சுது" என்றேன். அவர் என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். விடவில்லை. நானாகத்தான் விரல்களைப் பிரித்துக்கொண்டு வந்தேன்.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண், காலையிலிருந்து உட்காராதவள். "அவங்க நம்ம பேஷண்ட் இல்லையே சிஸ்டர். எதுல எழுதறது?" என்றாள். எரிச்சலில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். ஓ.பி. நேரம் முடிந்திருந்தது. எமர்ஜென்சியில் போய் அவளுக்கென்று ஒரு சீட்டுப் போட்டு வாங்கினேன். பெயர், வயது, கணவர் பெயர். மனநல டாக்டருக்குப் போன் பண்ணினேன். அது அவர் வருகிற நாள் இல்லை. தனியாக விடவே கூடாது, ராத்திரிக்கு இந்த மாத்திரை கொடுங்கள், காலையில் நானே வருகிறேன் என்றார். வந்தார்.

நாங்கள் போனில் சொல்லி, சாயங்காலம் அவளுடைய அண்ணன் முசரவாக்கத்திலிருந்து வந்தார். நிலம் வைத்திருக்கிறவர், கட்சியில் ஏதோ பொறுப்பு, வெள்ளைச் சட்டை. வந்ததும் வராததுமாக, "யாரு என் தங்கச்சிய பைத்தியம்னு எழுதினது?" என்றார்.

"பைத்தியம்னு யாரும் எழுதலீங்க. நான்தான் சீட்டுப் போட்டேன்."

"நீ எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊர்ல எங்க?"

அதையும் சொன்னேன். இந்தப் பக்கத்தில் அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். நாத்து நட்டுக் கூலி வாங்கிய வீட்டிலிருந்து வந்தவள் நான். சர்வீஸில் எத்தனையோ தடவை பதில் சொல்லியாயிற்று. அன்று கோபப்படவும் உடம்பில் தெம்பில்லை.

"வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்ல இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குது. எதுக்கு?"

"பூட்டி வைங்க. சாவி உங்க இடுப்புல இருக்கணும். அவங்கள தனியா வுடாதீங்க. பாத்ரூம் போனாக்கூட யாராச்சும் வெளிய நிக்கணும்."

அவர் முகம் மாறக் கொஞ்ச நேரம் ஆனது. பெஞ்சில் சுருண்டு படுத்திருந்த தங்கச்சியைப் பார்த்தார். "சிரிச்சுக்கினுதானமா இருந்தா" என்றார்.

"ஆமாங்க. நாங்களும் அதைத்தான் பாத்துக்கினு இருந்தோம்."

மறுநாள் டாக்டர் பார்த்தபின் அண்ணன் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்பி வந்து மச்சானுக்குத் துணையாக உட்கார்ந்தார். முதல் நாள் பெட்பேனை எடுத்தவர் வாஷ்பேசினில் போய் வாந்தியெடுத்தார். இரண்டாம் நாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்தார். என்னிடம் பேசவில்லை. மருந்து மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

எட்டு நாள் கழித்து அவள் வந்தாள். தூங்கியிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. சிரிக்கவில்லை. தன் வேலையை மட்டும் பார்த்தாள். பக்கத்து கட்டிலுக்குப் போகவில்லை. "அந்தம்மா மாறிட்டாங்கப்பா, முன்ன மாதிரி இல்ல" என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வாள். தன் ரகசியம் தெரிந்தவளை யாருக்குத்தான் பார்க்கப் பிடிக்கும்? நானும் வற்புறுத்தவில்லை. தினமும் போய், தூங்கினாயா, சாப்பிட்டாயா, அந்த நினைப்பு வருகிறதா என்று மூன்றே கேள்வி கேட்பேன். முணுமுணுப்பாகப் பதில் வரும். அதற்குள் அவருக்கு மூக்குக் குழாய் எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் வாரம் டிஸ்சார்ஜ் ஆகி, அண்ணன் கொண்டுவந்த வேனில் போனார்கள்.

துணைக்கு இருப்பவர்களையும் கேட்கிற மாதிரி அந்தத் தாளில் ஒரு வரி சேர்க்கலாமே என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். "பேஷண்டையே கேட்டு முடிக்க முடியல. அவங்களையும் கேட்டா மத்த வேலைய யாரும்மா பாக்கறது?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நானாகக் கேட்க ஆரம்பித்தேன். கட்டிலுக்கடியில் பாய் விரித்திருப்பவர்களிடம், முக்கியமாகச் சிரித்துக்கொண்டே இருப்பவர்களிடம். சில நாள் கேட்பதில்லை. டியூட்டி முடிகிற நேரமாக இருந்தால், கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து பேசாமல் போயிருக்கிறேன்.

ஒரு வருஷம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மனநல ஓ.பி. வரிசையில் அவளைப் பார்த்தேன். அவளாகவே என்னைக் கூப்பிட்டாள்.

"அவரு போயிட்டாரு சிஸ்டர். ரெண்டு மாசம் ஆச்சு. மறுபடியும் வாதம் வந்துடுச்சு. கோலு வெச்சிக்கினு நடக்க ஆரம்பிச்சிருந்தாரு."

தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கி நெனச்சது பலிச்சுடுச்சேன்னுதான் மொதல்ல தோணிச்சு. அண்ணிதான் பக்கத்துலயே படுத்துக்கினா, பத்து பதினஞ்சு நாளு."

"இப்போ வருதா அந்த நெனப்பு?"

"வருது" என்றாள். "முன்ன மாதிரி தெனமும் இல்ல. வந்தா அண்ணியாண்ட சொல்லிடறேன். இல்லன்னா இங்க வந்துடறேன்."

கேன்டீன் வேலைக்குத் திரும்பப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று மணி பார்த்தாள். வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. வார்டில் எனக்கு இரண்டு புது அட்மிஷன் காத்திருந்தார்கள். "மாத்திரைய நீயா நிறுத்திடாத, டாக்டரைக் கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.